வாப்டா பனிவெளியை ஸ்கீயில் கடப்பது: முதல் முறை போகும் நால்வருக்கு

கேள்வி இதுதான்: கனடாவின் கால்கரியில் இருக்கும் நான்கு நண்பர்கள். எல்லாரும் ரிசார்ட்டில் எந்தச் சரிவையும் இறங்கிவிடுவார்கள், ஏஎஸ்டி 1 பனிச்சரிவுப் பயிற்சி முடித்தவர்கள், ஆனால் பனியாற்றில் இதுவரை போனதில்லை. ஏப்ரலில் பேட்டோ ஏரியிலிருந்து ஷெர்புரூக் ஏரி வரை வாப்டா டிராவர்ஸ் என்ற பனிவெளிப் பாதையை, கைடு இல்லாமல், நான்கு இரவில் முடிக்க முடியுமா? என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

இந்த ஏப்ரலில் பேட்டோவில் தொடங்கி போ ஹட் என்ற மலைக்குடில் வரை போங்கள். அங்கே இரண்டு இரவு தங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டு போ ஏரி வழியாக வெளியே வாருங்கள். தெற்குப் பாதியை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள். முழுவதையும் இப்போதே பார்த்தாக வேண்டும் என்றால், கனடிய மலை வழிகாட்டிகள் சங்கமான ஏசிஎம்ஜியின் சான்று பெற்ற ஸ்கீ கைடு ஒருவரோடு போங்கள். உங்கள் ஸ்கீ திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. வாப்டாவில் கடினமான இறக்கம் குறைவு. அங்கே ஆட்களைச் சிக்கவைப்பது வானமும் பனியும் ஒன்றாகிவிடும் வெள்ளைமூட்டம், பனியாற்றில் மறைந்திருக்கும் பனிப்பிளவு, பிறகு போ ஹட்டுக்குத் தெற்கே வெளியேற வழி இல்லாமை. இந்த மூன்றையும் ரிசார்ட் சொல்லித்தருவதில்லை.

முதலில் வழி. இந்த முறை பாதிதான் போனாலும் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா எல்லையில், பான்ஃப், யோஹோ தேசியப் பூங்காக்களுக்கு நடுவே கண்டப் பிளவுக்கோட்டின் மேல் கிடக்கும் பனிவெளி இது. மொத்தம் ஏறத்தாழ 45 கி.மீ. வழியில் கனடிய ஆல்பைன் கிளப்பின் ஹட்டுகள் வரிசையாக இருக்கின்றன: பேட்டோ, போ, பால்ஃபர், ஸ்காட் டங்கன். அதனால் கூடாரம் தூக்க வேண்டாம். போ ஹட்டில் 30 பேர் படுக்கலாம், ஸ்காட் டங்கனில் 12 பேர்தான். மார்ச், ஏப்ரல் வார இறுதிகள் சீக்கிரமே நிரம்பிவிடும். ஆகவே தேதியை உங்களுக்காகத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஸ்காட் டங்கன்தான். அங்கே இடம் கிடைக்கும் நாளைப் பிடித்துவிட்டுப் பின்னோக்கி மற்றவற்றைப் பதியுங்கள். பூங்கா பாஸ் தனி, இரவு தங்கும் அனுமதி தனி. இரண்டையும் ஹட் பதிவு செய்யும்போதே கேட்டு முடித்துவிடுங்கள்.

முதல் நாள்தான் உடம்புக்கு அதிக வேலை. 93-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து காட்டுக்குள் இறங்கி, சுமார் 1,860 மீட்டரில் இருக்கும் பேட்டோ ஏரியின் உறைந்த பரப்பைக் கடந்து, தெற்கு முனைக் கூழாங்கல் சமவெளியில் நடந்து, ஓடையின் பள்ளத்தாக்குக்குள் சிக்காமல் மொரைன் மேட்டில் (பனியாறு தள்ளிக் குவித்த கல்மேடு) ஏறிப் பனியாற்றை அடைய வேண்டும். பிறகு சுமார் 2,500 மீட்டரில் ஹட். முதுகில் முழு மூட்டையோடு 6 முதல் 8 மணி நேரம் ஆகும். ஏரியில் ஏப்ரலில் பனி தடிமனாகவே இருக்கும். ஆனால் ஓடை நுழையும் இடமும் வெளியேறும் இடமும் மெலிந்திருக்கும், அவற்றை விட்டு விலகிச் செல்லுங்கள். பனிக்கு மேல் தண்ணீர் ஊறிச் சேறுபோல் கிடந்தால் ஸ்கின் (ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) நனைந்து, அடுத்த மேட்டில் கட்டிகட்டியாகப் பனி ஒட்டிக்கொள்ளும். பேட்டோ பனியாற்றை 1960-களிலிருந்து அளந்து வருகிறார்கள். அதன் முகப்பு வெகுவாகப் பின்வாங்கிவிட்டது. எனவே பழைய வழிக்குறிப்பில் “இங்கே பனியாற்றில் ஏறவும்” என்று இருக்கும் இடத்தில் இன்று பாறையோ நீரோ இருக்கலாம். போன வாரம் போய்வந்தவர்களின் ஜிபிஎஸ் தடம் கிடைத்தால் அதையும், அண்மைச் செயற்கைக்கோள் படத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாம் நாள் பேட்டோவிலிருந்து போ ஹட்டுக்கு மென்மையான பனிவெளி, தெளிவான வானிலையில் மூன்று நான்கு மணி நேரம். மிச்ச நேரத்தில் மவுண்ட் ரோண்டாவில் ஏறலாம். மூன்றாம் நாள் செயின்ட் நிக்கலஸ், ஆலிவ் சிகரங்களுக்கு நடுவிலுள்ள கணவாயில் ஏறி, வல்ச்சர் பனியாற்றில் இறங்கி பால்ஃபர் ஹட். நான்காம் நாள் பால்ஃபர் ஹை கோல் என்ற உயர்கணவாய், ஏறத்தாழ 3,020 மீட்டர். அதைத் தாண்டி சுமார் 2,770 மீட்டரில் ஸ்காட் டங்கன். ஐந்தாம் நாள் மவுண்ட் நைல்ஸ் ஓரமாக இறங்கி, ஷெர்புரூக் ஏரி, அங்கிருந்து காட்டுப் பாதையில் டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை.

இந்த வழியின் தலைவிதி நான்காம் நாளில் இருக்கிறது. பால்ஃபர் ஹட்டிலிருந்து உயர்கணவாய்க்கு ஏறத்தாழ 550 மீட்டர் ஏற்றம். வலப்பக்கம் மவுண்ட் பால்ஃபரின் மேல் தொங்கும் சேராக்குகள், அதாவது வீட்டளவுப் பனிக்கட்டிச் சுவர்கள். இடப்பக்கம் விலகிப்போனால் பனிப்பிளவுகள். சேராக் விழுவதற்கு வெயில், நேரம், முன்னறிவிப்பு எதுவும் தேவையில்லை. பனியாறு நகர்வதால் அது விழுகிறது, அதிகாலை 5 மணிக்கும் விழும். அதனடியில் நாம் செய்யக்கூடியது, இருக்கும் நேரத்தைக் குறைப்பது ஒன்றே. தண்ணீர் குடிப்பது, சட்டை கழற்றுவது, ஸ்கின் சரிசெய்வது எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்துவிட்டு, பழைய பனிக்கட்டித் துண்டுகள் சிதறிக்கிடக்கும் பகுதி முழுவதையும் நிற்காமல் தாண்டுங்கள். துண்டுகள் எங்கே வரை உருண்டு வந்திருக்கின்றன என்பதே அபாய எல்லையைக் காட்டும். ஆனால் மூட்டம் சூழ்ந்துவிட்டால் அந்தத் துண்டுகளையும் பார்க்க முடியாது, பிளவுகளையும் பார்க்க முடியாது. அப்போது இந்தப் பக்கம் சேராக், அந்தப் பக்கம் பிளவு என்ற நடுக்கோட்டைக் கண்மூடித் தேடுவதாக ஆகிவிடும். வெள்ளைமூட்டத்தில் பால்ஃபர் ஹை கோல் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் பால்ஃபர் ஹட்டில் காத்திருக்கலாமே என்று தோன்றும். அங்கே காத்திருப்பது, தெளியும் என்ற நம்பிக்கை பொய்த்தால் வல்ச்சர் பனியாற்றில் மறுபடி ஏறி, கணவாயைத் தாண்டி போ ஹட்டுக்குத் திரும்புவதில் முடியும், அதுவும் அதே மூட்டத்தில். போ ஹட்டிலிருந்தோ போ ஏரிக்கு அரை நாளில் இறங்கிவிடலாம். ஆகவே உண்மையான முடிவு போ ஹட்டில், இரண்டாம் நாள் மாலையில் எடுக்கப்படுகிறது. அன்று மாலை மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்: அடுத்த இரண்டு நாளும் மேலே பார்வை தெளிவாக இருக்கும் என்ற முன்னறிவிப்பு, மலைமுகட்டுப் பகுதிக்குப் பனிச்சரிவு அபாயம் ஐந்து படிகளில் 2 அல்லது அதற்குக் கீழ், நால்வரில் யாருக்கும் காலில் கொப்புளம், முழங்கால் வலி, உடைந்த பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு) என்ற குறை இல்லாமை. ஒன்று குறைந்தாலும் போ ஏரிக்கு இறங்குங்கள். இந்த முடிவு எளிதாக வர வேண்டுமானால், வீட்டிலேயே அதற்கு வசதி செய்துவைக்க வேண்டும். ஒரு காரை ஷெர்புரூக் முனையில், இன்னொன்றை பேட்டோவில் விட்டுவிட்டு வந்தால், போ ஏரியில் இறங்குவது எல்லாருக்கும் வீண் அலைச்சலாகத் தெரியும்; அந்த எரிச்சலே தப்பான முடிவுக்குத் தள்ளும். போ ஏரிக்கும் பேட்டோ தொடக்கத்துக்கும் இடையே சாலையில் கொஞ்ச தூரம்தான், யாராவது ஏற்றிக்கொள்வார்கள் என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

போ ஹட்டிலிருந்து இறங்குவதும் சும்மா இல்லை. ஹட்டுக்குக் கீழே உள்ள கிண்ணத்தைச் சுற்றிலும் செங்குத்துச் சரிவுகள், அதற்கும் கீழே ஒரு குறுகலான ஓடைப் பள்ளம். மேலிருந்து சிறிதளவு பனி சரிந்தாலும் பள்ளத்தில் ஆழமாகக் குவியும். இடைவெளி விட்டு, காலையிலேயே கடந்துவிடுங்கள்.

இனி கயிறு. பனியாற்றில் பிளவுகள் வெளியே தெரிந்தால் பயமில்லை, சுற்றிப் போகலாம். குளிர்காலம் முழுக்க விழுந்த பனி அவற்றின் மேல் பாலமாக மூடியிருக்கும். பாலம் தாங்குமா என்பது மேலே நின்று பார்த்தால் தெரியாது. சரிவு திடீரென்று மடங்கும் குவிவுகள், பனியாறு பாறை ஓரத்தை உரசும் விளிம்புகள், கணவாயை ஒட்டிய இடங்கள் ஆகியவற்றில் பிளவு அதிகம். சாய்வான வெயிலில் நீளவாட்டில் லேசாகக் குழிந்த நிழல் தெரிந்தால் அது பாலம். அதைக் குறுக்காக, நேர்கோணத்தில் கடக்க வேண்டும். கயிற்றோடு வரும் நால்வரும் பிளவின் நீளவாக்கிலேயே வரிசையாக நடந்தால், ஒரே பாலத்தின் மேல் எல்லாரும் நிற்பார்கள்.

நால்வருக்கு 40 மீட்டர் கயிறு ஒன்று. ஆளுக்கு ஆள் 10 மீட்டர் இடைவெளி, இரு முனைகளிலும் 5 மீட்டர் வீதம் சுருட்டி மிச்சம். எட்டு மில்லிமீட்டர் தடிமன் போதும். ஸ்கீக்கென்றே வரும் 6 மில்லிமீட்டர் நீளாத நிலைக்கயிறும் உண்டு, ஆனால் அதற்கு அதே தடிமனுக்கு ஏற்ற பிடிப்பான்கள் வேண்டும், சிறுகயிற்றைச் சுற்றிப் போட்டு இறுக்கும் சாதாரண புருசிக் முடிச்சு வழுக்கும். இதற்குமேல் இன்னொரு 30 மீட்டர் கயிறு, மூன்றாவது அல்லது நான்காவது ஆளின் பையில். முன்னால் போகிறவர்தான் விழ வாய்ப்பு அதிகம். இரண்டாவது கயிறு அவர் பையில் இருந்தால் அவரோடு பிளவுக்குள் போய்விடும். கயிறு ஏற்றத்தில் எப்போதும் இறுக்கமாக, பனியை லேசாகத் தொட்டபடி போக வேண்டும். முன்னவர் ஓய்வெடுக்க நிற்கும்போது எல்லாரும் அவர் அருகே நெருங்கி வந்து அரட்டை அடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கயிறு தளர்ந்திருந்தால் விழுபவர் வேகம் பிடித்துவிடுவார்; பிறகு நிறுத்துவது கடினம்.

இருவரோ மூவரோ மட்டும் ஒரு கயிற்றில் போனால், ஆட்களுக்கு நடுவே கயிற்றில் பெரிய முடிச்சுகள் போடுவார்கள். விழுந்தவரின் எடையில் கயிறு பாலத்தின் உதட்டை அறுத்துக்கொண்டு போகும்போது முடிச்சு பனியில் சிக்கி நிறுத்தும். ஆனால் அதே முடிச்சு, இழுக்கும்போது கப்பியில் ஓடாது. அதனால்தான் இழுப்பதற்கு வேறு கயிறு வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். நால்வரின் எடை சேர்ந்திருக்கும்போது முடிச்சு தேவைப்படுவதில்லை.

இறங்கும்போது, தெளிவான வானிலையில், பெரும்பாலோர் கயிறு இல்லாமலே ஸ்கீ செய்கிறார்கள். கயிற்றில் கட்டிக்கொண்டு திரும்பத் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் இழுத்து விழுவார்கள். பாலத்தின் மேல் விழுவது, சறுக்கிக் கடப்பதைவிட அதிக சுமையைப் பாலத்தில் ஏற்றும். ஆனால் ஹார்னஸ், அதாவது கயிறு மாட்டும் வார்க்கட்டு, இடுப்பிலேயே இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு ஸ்லிங்கை, அதாவது நாடா வளையத்தை, தோள்பட்டைக்கு மேலே கொண்டுவந்து கராபினர் கொக்கியோடு விட்டுவையுங்கள், குறுகலான பிளவில் தலைகீழாக மாட்டியவரைக்கூட அதில் கொக்கி போட்டுப் பிடிக்கலாம். முன்னவர் வழி தேர்ந்தெடுக்க, மற்றவர்கள் அவர் தடத்தை ஒட்டி, 20 முதல் 30 மீட்டர் பின்னால் வர வேண்டும். முன்னவரைத் தாண்டி யாரும் கீழே போகக் கூடாது. இந்த ஒரு விதியை ரிசார்ட்டில் ஓடிப் பழகியவர்கள் மறப்பார்கள். நிற்கும் இடத்தை முன்னவர் ப்ரோப் என்ற நீண்ட மடக்குக்கோலால் குத்திப் பார்த்த பிறகே மற்றவர் வந்து சேர வேண்டும்.

விழுந்தவரை எடுப்பதை வீட்டுப் பக்கத்துப் பூங்காவிலாவது நான்கைந்து முறை செய்து பாருங்கள். கயிறு இறுகியதும் மற்ற மூவரும் உட்கார்ந்து ஸ்கீ விளிம்பைப் பனியில் பதித்துப் பிடிக்கிறார்கள். விளிம்புக்கு அருகிலுள்ள இருவர் பிடித்துக்கொண்டே இருக்க, கடைசி ஆள் நங்கூரம் போடுகிறார். இறுகிய பனியில் அரை மீட்டர், மென்பனியில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு, இழுவிசைக்குக் குறுக்காக ஒரு பள்ளம். அதில் ஸ்கீயைக் கிடத்தி, நடுவில் 120 சென்டிமீட்டர் ஸ்லிங்கைச் சுற்றி, ஸ்லிங் வெளியே வர ஒரு ஒடுக்கமான வாய்க்கால் வெட்ட வேண்டும். வாய்க்கால் ஸ்கீயின் மட்டத்திலிருந்தே தொடங்கிச் சாய்வாக வர வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் ஸ்லிங் ஸ்கீயை மேல்நோக்கித் தூக்கிப் பிடுங்கிவிடும். ஸ்கீயின் எஃகு விளிம்பு ஸ்லிங்கை அறுக்காமல் இருக்க, நடுவில் கையுறையோ ஸ்கின் முனையோ வைத்துச் சுற்றுங்கள். மூடி மிதித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையை ஏற்றிப் பார்த்து, பிறகுதான் மற்ற இருவர் விடுபடலாம்.

அடுத்து ஒருவர், நங்கூரத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டு, ப்ரோபால் குத்தியபடி விளிம்புக்குப் போய்ப் பேச வேண்டும். விழுந்தவர் நினைவோடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. கயிறு உதட்டுப் பனிக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். அதையே இழுத்தால் ஆளைப் பனிக்கூரையில் முட்டவைப்பீர்கள். சற்றுத் தள்ளி உதட்டை வெட்டி, ஸ்கீ கோலைக் கிடத்தி, இரண்டாவது கயிற்றை வளையமாக, ஒரு கப்பியும் கராபினரும் மாட்டி இறக்குங்கள். அவர் அதைத் தன் ஹார்னஸில் மாட்டியதும், கயிற்றின் ஒரு முனை நங்கூரத்தில், மறுமுனை உங்கள் கையில்: பாதி எடைதான் இழுக்க வேண்டும். பின்னோக்கி ஓடாமல் பிடிக்கும் மைக்ரோ டிராக்ஷன் போன்ற கப்பி நங்கூரத்தில் இருந்தால் மூவர் எளிதாக இழுக்கலாம். வளையத்துக்கு ஆழத்தைப் போல இரண்டு மடங்கு கயிறு போகும் என்பதை நினைவில் வையுங்கள். 30 மீட்டர் கயிற்றில் 12 மீட்டர் ஆழம் வரை சமாளிக்கலாம். இழுப்பதற்கு முன் அவர் ஸ்கீயையும் பையையும் கழற்றித் தனியாக மாட்டிவிட வேண்டும். உள்ளே குளிர் வேகமாக ஏறும், காற்று புகாத மேற்சட்டையை முதலிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆளுக்கு வேண்டியவை: ஹார்னஸ், பூட்டும் கராபினர் மூன்று, 120 மற்றும் 240 சென்டிமீட்டர் ஸ்லிங் ஒவ்வொன்று, புருசிக் முடிச்சுக்கான சிறுகயிறு இரண்டு, கப்பி ஒன்று, பனிக்கட்டியில் திருகி நங்கூரமாக்கும் ஐஸ் ஸ்க்ரூ, 19 சென்டிமீட்டருக்குக் குறையாதது, ஒன்று. ஹெல்மெட்டும் வேண்டும்.

வெள்ளைமூட்டத்தைப் பற்றி. வானமும் பனியும் ஒரே வெள்ளையாகி, கால் முன்னால் மேடா பள்ளமா என்று தெரியாது. நின்ற இடத்திலேயே சறுக்குவது போலத் தோன்றி ஆட்கள் விழுவார்கள். வாப்டா பனிவெளி பரந்தது, அடையாளப் பாறைகள் குறைவு. இதற்கான வேலை வீட்டு மேஜையில் நடக்க வேண்டும். 1:50,000 அளவிலான அரசு வரைபடத் தாள்கள் 82 என்/8, 82 என்/9, 82 என்/10 மூன்றும் வேண்டும். ஒவ்வொரு நாளையும் ஒரு கிலோமீட்டரை ஒட்டிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திசைக்கோணம், தூரம், தொடக்க உயரம், முடிவு உயரம், எதிர்பார்க்கும் நேரம் என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். காந்த விலக்கம், அதாவது திசைகாட்டி முள் உண்மை வடக்கிலிருந்து விலகும் கோணம், அங்கே கிழக்கே 13, 14 டிகிரி. திசைகாட்டியில் அதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரு கிலோமீட்டரில் 200 மீட்டருக்கு மேல் விலகிப்போவீர்கள், ஹட்டைத் தவறவிட அது தாராளம்.

ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். ஜிபிஎஸ் நீங்கள் நிற்கும் இடத்தைச் சரியாகச் சொல்லும். ஆனால் திரையைப் பார்த்தபடி நடந்தால் வளைந்து வளைந்து போவீர்கள், மைனஸ் 15-இல் போன் பத்து நிமிடத்தில் அணைந்தும் போகும். திசைகாட்டி கயிற்றின் இரண்டாவது ஆளிடம் இருக்கட்டும். முன்னவர் கோட்டில் இருக்கிறாரா என்று அவர் பின்னாலிருந்து பார்த்து “இடம், வலம்” என்று கத்த வேண்டும். முன்னவர் ஒரு மெல்லிய நிறக்கயிற்றை அடிக்கடி முன்னால் வீசி, அது எப்படி விழுகிறது என்று பார்த்தால் சரிவின் மடிப்பு தெரியும். உயரமானி நல்ல துணை, ஆனால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் அந்த உயரத்தில் 10 மீட்டர் போல மாறிக் காட்டும். ஒவ்வொரு ஹட்டிலும் சரிசெய்துகொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே உயரம் கூடிக் காட்டினால் அழுத்தம் குறைகிறது என்று பொருள், வானிலை கெடுகிறது.

பனிச்சரிவு விஷயத்தில் ஏஎஸ்டி 1 அடிப்படையைச் சொல்லியிருக்கும். ராக்கி மலையின் தனிக்குணத்தை மட்டும் சேர்க்கிறேன். நவம்பர், டிசம்பரில் அங்கே பனி மெல்லியதாக விழுந்து கடுங்குளிரில் கிடக்கும். தரைக்கும் மேற்பரப்புக்கும் வெப்ப வேறுபாடு அதிகமாவதால் அடியில் உள்ள பனி சர்க்கரைப் பரல் போல ஒட்டாமல் ஆகிவிடும். மேலே எத்தனை மீட்டர் பனி விழுந்தாலும் அந்த அடித்தளம் ஏப்ரல் வரை நீடிக்கலாம். ஏப்ரல் வெயிலில் உருகிய நீர் அதுவரை இறங்கும் நாளில் சரிவு முழுவதும் தரையோடு பெயர்ந்து வரும். பனியாற்றின் மேல் பனி ஆழமாக இருப்பதால் நடுப்பகுதியில் இந்தத் தொல்லை குறைவு. பேட்டோ மொரைன், போ பள்ளம், கடைசி நாள் இறக்கம் ஆகியவற்றில் அதிகம். கணவாய்களில் காற்று அடுக்கிய பலகைப் பனியும் வேறு.

கடைசி நாளின் நேரம் இதனால் தீர்மானமாகிறது. ஸ்காட் டங்கனிலிருந்து விடியும்போதே, 6 மணிக்கு, கிளம்ப வேண்டும். ஷெர்புரூக் ஏரியின் மேல் தொங்கும் சரிவுப் பாதைகளை நண்பகலுக்கு முன் கடந்துவிட வேண்டும். இரவு மேகம் மூடியிருந்து பனி உறையவில்லை என்றால், காலை 6 மணியிலேயே பூட்ஸ் கணுக்கால்வரை இறங்கும். அன்று உங்களுக்குக் கால அவகாசமே இல்லை, இன்னொரு இரவு தங்கும் உணவு கையில் இருக்க வேண்டும்.

ட்ரான்ஸீவர், அதாவது புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஆளுக்கொன்று அணியும் ரேடியோக் கருவி. அதன் சோதனை ஒவ்வொரு காலையும்: ஒருவர் தேடும் நிலையில் நிற்க, மற்றவர் ஒவ்வொருவராக இடைவெளி விட்டுக் கடந்துபோக வேண்டும். போனும் ஜிபிஎஸ்ஸும் ட்ரான்ஸீவரிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு அப்பால், தேடும்போது அரை மீட்டருக்கு அப்பால். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அதன் பிறகு வாய்ப்பு செங்குத்தாகச் சரிகிறது. நேரம் பெரும்பாலும் தேடுவதில் போவதில்லை, தோண்டுவதில்தான் போகிறது. ப்ரோப் ஆளைத் தொட்டதும் அதை அப்படியே விட்டுவிட்டு, புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் கீழ்ச்சரிவில் தள்ளி நின்று உள்நோக்கித் தோண்டுங்கள். நேர் மேலே நின்று கிணறு வெட்டுவது போலத் தோண்டினால், ஆளின் மேலேயே மிதிப்பீர்கள், பனியை வெளியே தள்ளவும் இடமிருக்காது.

சாதனத்தில் கெட்டுப்போகும் இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன். ஸ்கின் பசை குளிரில் ஒட்டாது; ஓய்வில் கழற்றும்போதெல்லாம் சட்டைக்குள், வயிற்றோடு சேர்த்து வையுங்கள். அப்படியும் விட்டால், ரப்பர் பட்டைகளால் ஸ்கீயோடு கட்டிவிடலாம். ஆளுக்கு நான்கு பட்டை. பூட்ஸை இரண்டு ஊசிமுனைகளால் கவ்வும் வகைப் பைண்டிங்கில் முன்பக்க ஸ்பிரிங்குக்கு அடியில் பனி இறுகினால் ஊசிமுனைகள் பூட்ஸை முழுதாகக் கவ்வாது, கவ்வியது போலத் தோன்றி நடு இறக்கத்தில் விடும். ஒவ்வொரு முறையும் குச்சியால் குடைந்து சுத்தம் செய்து, காலை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்த பிறகு கிளம்புங்கள். காலை உறைபனியில் சாய்வாக ஏறும்போது ஸ்கீயில் மாட்டும் பல்தகடான ஸ்கீ கிராம்பான் இல்லாமல் ஒவ்வொரு அடியும் வழுக்கும். குழுவுக்கு ஒரு பழுதுப் பெட்டி: போசிடிரைவ் 3 திருப்புளி முனை, உதிரி பைண்டிங் திருகுகள், திருகு சுழன்று பிடிக்காத துளையில் திணிக்க எஃகு நார், விரைவில் இறுகும் எபாக்ஸி, கம்பி, துணிப்பட்டை டேப். மொத்த மூட்டை 15 கிலோவைத் தாண்டக் கூடாது.

ஹட்டுகளில் புரொப்பேன் அடுப்பு, பாத்திரங்கள், மெத்தை இருக்கும். தூக்கப்பை உங்களுடையது. போ ஹட் தவிர மற்றவற்றில் கணப்பை எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் முழுவதும் பனியை உருக்கித்தான். ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், நால்வருக்கு 16. காற்றில் இறுகிய பனி என்றாலும் ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் பனி போகும். பானையின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டுப் பனியைப் போடுங்கள், வெறும் பானையில் போட்டால் தீய்ந்த வாடை அடிக்கும். பனி எடுக்கக் குறித்த இடத்தில் மட்டுமே எடுங்கள். அடுப்பு எரியும்போது காற்றுத்துளையை மூடாதீர்கள். குளிருக்குப் பயந்து மூடினால் கார்பன் மோனாக்சைடு சேரும்.

2,500 மீட்டரில் தண்ணீர் 92 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, அரிசி அரைவேக்காடாகவே நிற்கும், எரிவாயுதான் வீண். ரவை இங்கே அருமையாக உதவும். வீட்டிலேயே நெய்யில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, முந்திரி தாளித்து ரவையை வறுத்து, உப்புச் சேர்த்து, ஒரு வேளைக்கு ஆளுக்கு 100 கிராம் வீதம் பொட்டலம் கட்டிவிடுங்கள். கொதித்த தண்ணீரில் கொட்டிக் கிளறி, அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் மூடிவைத்தால் உப்புமா. நாளுக்கு ஆளுக்கு 4,000 கிலோகலோரி, உலர் எடையில் 800 கிராம் என்று கணக்கு வையுங்கள். பகலில் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்காது. பையில் கைவிட்டு எடுக்கிற மாதிரி கடலைமிட்டாய், முந்திரி, பாலாடைக்கட்டி. சாக்லேட் பட்டை சில குளிரில் கல்லாகிவிடும், முன்பே ஃபிரீசரில் வைத்துக் கடித்துப் பாருங்கள். ஒரு நாள் உணவு உபரி கட்டாயம். குப்பை முழுவதும் உங்களோடு கீழே வர வேண்டும்.

காரைப் பற்றி ஒன்று: 93-ஆம் நெடுஞ்சாலையில் ஏப்ரல் 1 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம், அதன் பிறகும் அது இல்லாமல் போகாதீர்கள். பெட்ரோலை லேக் லூயிஸிலேயே நிரப்புங்கள்.

மேலே செல்போன் எடுக்காது. செயற்கைக்கோள் செய்திக்கருவி ஒன்று கட்டாயம், அது முன்னவரின் பையில் இருக்கக் கூடாது. மீட்புக்குப் பார்க்ஸ் கனடாவின் ஹெலிகாப்டர்க் குழு வரும், ஆனால் மூட்டத்திலும் இரவிலும் பறக்காது. ஆகவே ஒருவர் காலொடிந்து கிடந்தாலும் 24 மணி நேரம் அங்கேயே உயிரோடு வைத்திருக்கும் சாமான்கள் வேண்டும்: நால்வரும் அடியில் உட்காரும் அளவு ஒரு தார்ப்பாய், ஒரு சிறிய எரிவாயு அடுப்பு, மடக்கும் மெத்தை, வளையும் எலும்புக்கட்டுப் பட்டை, வலிமாத்திரை. ஊரில் பொறுப்பான ஒருவரிடம் வழி, ஹட் பதிவுத் தேதிகள், கார் எண்கள் எழுதிக் கொடுங்கள். மாலை பனிச்சரிவு அறிக்கை வந்ததும் அவர் உங்களுக்கு மூன்று அபாய எண்களை மட்டும் அனுப்பட்டும்: முகடு, மரங்கள் முடியும் மரக்கோடு, மரக்கோட்டுக்குக் கீழ், உதாரணத்துக்கு “3-2-1”. கூடவே அடுத்த இரண்டு நாளின் மேகம், காற்று, வெப்பம் பூஜ்ய டிகிரியாகும் உயரம். நீங்கள் ஒவ்வொரு மாலையும் “ஹட் சேர்ந்தோம்” என்று பதில் அனுப்புங்கள். கடைசி நாள் மாலை 8 மணிக்குள் செய்தி வராவிட்டால் அவர் பார்க்ஸ் கனடாவின் அவசர எண்ணை அழைக்க வேண்டும். அந்த எண்ணையும் நேரத்தையும் கிளம்பும் முன்பே அவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.